இடம் விடுதல்

2019 டிசம்பரில், அமெரிக்காவின் வடக்கு கரோலைனா மாநிலத்தில், நார்த் வில்க்ஸ்பரோ என்ற சிற்றூரின் ஓரத்தில் பாழடைந்து கிடந்த ஒரு கார் பந்தயத் தடத்தில் சிலர் களை பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். தார் விரிசல்களில் புல்லும் செடியும் மண்டியிருந்தன. அங்கே மறுபடி பந்தயம் நடக்கும் என்ற நம்பிக்கையில் அவர்கள் வரவில்லை. லேசர் கருவி ஒன்று வரவிருந்தது. தரையின் மேடுபள்ளங்களை மில்லிமீட்டர் கணக்கில் அளந்து, ஐரேசிங் என்ற கணினிப் பந்தய விளையாட்டுக்குள் அந்தத் தடத்தை ஏற்றுவதற்கான கருவி அது. புல் இருந்தால் கருவிக்குத் தரை தெரியாது. ஆகவே பிடுங்கினார்கள்.

ஆட்களைத் திரட்டியவர் டேல் எர்ன்ஹார்ட் ஜூனியர். நாஸ்கார் எனப்படும் அமெரிக்கக் கார் பந்தயத்தில் 2003 முதல் 2017 வரை தொடர்ந்து 15 ஆண்டுகள் ரசிகர்களின் வாக்கில் முதலிடம் பிடித்தவர். டேட்டோனா 500 பந்தயத்தை இரண்டு முறை வென்றவர். ஏழு முறை சாம்பியனான அவருடைய தந்தை, 2001இல் அதே டேட்டோனாவில் கடைசிச் சுற்றில் சுவரில் மோதி இறந்தார். மகன் அன்று முன்னால் போய்க்கொண்டிருந்தார், இரண்டாவதாக வந்தார். இப்படி ஒரு வாழ்க்கை வாய்த்தவருக்குக் கணினியில் கார் ஓட்டும் பித்து எதற்கு என்று கேட்கலாம். ஆனால் அந்தப் பித்து அவருக்கு இளவயதிலேயே பிடித்தது. மாசசூசெட்ஸில் இருந்த பாப்பிரஸ் நிறுவனம் நாஸ்கார் விளையாட்டுகளை வெளியிட்டுக்கொண்டிருந்த காலத்திலிருந்தே அவர் இணையத்தில் முகம் தெரியாதவர்களோடு ஓட்டிக்கொண்டிருந்தார். பாப்பிரஸை நிறுவியவர்களில் ஒருவரான டேவ் கேமர்தான் பின்னர் ஐரேசிங்கை உருவாக்கினார். அது 2008இல் வெளிவந்தது.

நார்த் வில்க்ஸ்பரோ தடம் 1947இல் திறக்கப்பட்டது. முழுச் சுற்று ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர்தான். முன்பக்க நேர்ப்பாதை இறக்கம், பின்பக்க நேர்ப்பாதை ஏற்றம். கள்ளச்சாராயம் கடத்துவதற்காகக் காரை வேகமாக ஓட்டிப் பழகியவர்களின் வட்டாரம் அது. 1995இல் உரிமையாளர் ஈனாக் ஸ்டேலி இறந்துபோக, இரண்டு முதலாளிகள் தடத்தை வாங்கினார்கள். அவர்களுக்கு வேண்டியிருந்தது அந்த மண்ணல்ல, ஆண்டுக்கு இரண்டு முறை அங்கே பந்தயம் நடத்தும் உரிமை. ஒன்றை டெக்சாஸுக்கும் மற்றொன்றை நியூ ஹாம்ப்ஷயருக்கும் கொண்டுபோய்விட்டார்கள். ஊர்த் தேரோட்டத்தை நகரத்துக் கோயிலுக்கு மாற்றிவிட்டுத் தேரை மட்டும் வெயிலில் விட்டுச் சென்ற மாதிரி. 1996 செப்டம்பர் 29இல் ஜெஃப் கார்டன் வென்றதோடு பெரிய பந்தயங்கள் நின்றன. இடையில் சிறு பந்தயங்களுக்காகத் திறந்து பார்த்தார்கள், நிலைக்கவில்லை.

அந்தக் களை பிடுங்கலை நான் நெடுநாள் யோசித்ததுண்டு. அதில் கோப்பை இல்லை, ஊதியம் இல்லை. உலகத்தில் எங்கோ ஒரு மூலையில், வில்க்ஸ்பரோவின் பெயரைக்கூடச் சரியாக உச்சரிக்கத் தெரியாத ஒருவன் தன் அறையில் அமர்ந்து அந்த இறக்கத்தில் ஒரு காரைச் செலுத்தட்டும் என்பதுதான் அவர்கள் எண்ணம். அவனிடமிருந்து நன்றிகூட வந்துசேராது. பந்தயக்காரர்களிடம் இப்படியொரு குணத்தை நாம் எதிர்பார்ப்பதில்லை. பந்தயம் என்றாலே முண்டியடிப்பது என்றுதான் மனத்தில் பதிந்திருக்கிறது. இணையத்தில் நடக்கும் பந்தயம் என்றால் கேட்கவே வேண்டாம். வசவும் இடியும்தான் நினைவுக்கு வரும்.

வசவும் இடியும் அங்கே உண்டு. ஆனால் அதைவிட விசித்திரமான ஒன்றும் உண்டு.

நிஜத் தடத்தில் ஓட்டுகிறவனை மரியாதையாக நடக்கவைப்பவை இரண்டு: உயிர்ப் பயம், காரின் விலை. பக்கத்துக் காரை இடித்தால் தானும் சுவரில் போய் மோதலாம். கணினியில் இந்த இரண்டுமே கிடையாது. சுக்குநூறாகிப் போன கார் ஒரு பொத்தானை அழுத்தினால் புத்தம் புதிதாக நிற்கும். பயம் முழுவதையும் கழித்த பிறகு ஒருவன் வளைவில் பக்கத்துக் காருக்கு ஒரு கார் அகலம் விட்டு ஓட்டுகிறான் என்றால், அந்த இடத்தை அவன் எதற்காக விடுகிறான்? பக்கத்தில் இருப்பவனும் தன்னைப் போல வேலை முடிந்து வந்து, பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டு, இந்த ஒரு மணி நேரத்துக்காகக் காத்திருந்தவன் என்ற நினைப்பைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. சாலையில் நாம் காட்டும் பொறுமையில் பாதி போலீஸ்காரருக்காக. இந்தப் பொறுமைக்குப் பின்னால் அப்படி யாரும் இல்லை.

அப்படிச் சொல்லிவிட்டால் கணக்கு முழுதாகாது. விளையாட்டை வடிவமைத்தவர்கள் ஒரு சிறு காவலை வைத்துத்தான் இருக்கிறார்கள். ஐரேசிங்கில் புனைபெயர் கிடையாது, சொந்தப் பெயரில்தான் ஓட்ட வேண்டும். ஒவ்வொருவருக்கும் பாதுகாப்பு மதிப்பெண் உண்டு. தடத்தை விட்டு விலகினால் ஒரு புள்ளி, கட்டுப்பாடு இழந்து சுழன்றால் இரண்டு, பலமாக மோதினால் நான்கு என்று குற்றப்புள்ளிகள் ஏறும். ஏற ஏற மதிப்பெண் இறங்கும். இதில் புதுமை என்னவென்றால் யார் இடித்தது என்று இயந்திரம் விசாரிப்பதில்லை. இடித்தவனுக்கும் புள்ளி, இடிபட்டவனுக்கும் புள்ளி. அநியாயம் என்று புதிதாக வருகிறவர்கள் கொதிப்பார்கள். சில மாதம் ஓட்டிய பிறகு புரிய ஆரம்பிக்கும்: ‘என் மேல் தப்பில்லை’ என்ற வாக்கியத்துக்கு அங்கே செலாவணி இல்லை. எதிராளி தவறு செய்யப்போகிறான் என்று தெரிந்தால் அந்தத் தவறுக்கும் சேர்த்து இடம் விட்டுவிட வேண்டியதுதான். நீதிமன்றங்கள் இப்படி இயங்கினால் நாடு தாங்காது. நீண்ட நட்புகள் அநேகமாக இப்படித்தான் இயங்குகின்றன.

இன்னொரு சிக்கல் தொழில்நுட்பம் சார்ந்தது. ஒருவர் பிரேசிலில் இருக்கிறார், மற்றவர் ஆஸ்திரேலியாவில். இவருடைய திரையில் தெரியும் அவருடைய கார், அந்தக் கணத்தில் அவர் உண்மையில் இருக்கும் இடத்தில் இல்லை. தகவல் கடல் தாண்டி வந்துசேரப் பிடிக்கும் நேரத்தில் அவர் எங்கே போயிருப்பார் என்று கணினி ஊகித்து வரைந்த கார் அது. ஆக, பக்கவாட்டில் ஓடும்போது ஒருவர் நம்புவது எதிராளியைக்கூட அல்ல, எதிராளியைப் பற்றிய ஓர் ஊகத்தை. தொடாமலே இடித்ததாகப் பதிவாவதும் உண்டு. அதற்கு ‘நெட்கோட்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பாதி மோதல்களுக்கு அதன் மேல்தான் பழி விழும். ஆகவே தூரத்து ஊர்க்காரனோடு ஓடுகிறோம் என்று தெரிந்தவர்கள் அரை அடி கூடுதலாக விடுகிறார்கள். அந்த அரை அடியில் நேரம் போகும், சில சமயம் ஓரிடம் பின்தங்கவும் நேரும். தெரிந்தேதான் விடுகிறார்கள்.

டேட்டோனா, டல்லடேகா போன்ற பெருந்தடங்களில் காற்றே இவர்களைக் கூட்டுச் சேர்க்கிறது. தனியாக ஓடும் கார் காற்றைக் கிழித்துக்கொண்டு போக வேண்டும். இரண்டு கார்கள் முன்னும் பின்னுமாக ஒட்டி ஓடினால் இரண்டுமே தனிக் காரைவிட வேகமாகப் போகும். அங்கே துணையில்லாமல் யாரும் வெல்ல முடியாது. கடைசிச் சுற்றில் அந்தத் துணையையே முந்தியாக வேண்டும். இந்த இரட்டை நிலையை மணிக்கணக்கில் பழகியவர்களுக்கு, போட்டிக்கும் தோழமைக்கும் நடுவே நாம் போடும் கோடு அவ்வளவு பெரிதாகத் தெரியாது போலிருக்கிறது.

பார்க்காத நட்பு என்றதும் நம்மவர்கள் பிசிராந்தையாரைத் துணைக்கு அழைத்துவிடுவார்கள். எனக்கு அது பொருந்தவில்லை. அவரும் கோப்பெருஞ்சோழனும் ஒருவரை ஒருவர் பார்க்காமலே நட்புக் கொண்டவர்கள். ஒருவரை ஒருவர் உரசியதும் இல்லை. இவர்கள் வாரத்தில் நான்கு இரவு உரசிக்கொள்கிறார்கள். ஒருவன் எந்த வளைவில் பதறுவான், முன்னால் இருக்கும்போது எப்படி ஓட்டுவான், பின்தங்கினால் எப்படி ஓட்டுவான், தோற்கடித்தவனுக்கு என்ன சொல்வான் என்பதெல்லாம் மற்றவனுக்குத் தெரியும். 24 மணி நேரப் பந்தயங்களில் நான்கைந்து பேர் ஒரே காரை மாற்றி மாற்றி ஓட்டுவார்கள். தன் முறை இன்னும் வராதவன் தூங்கப் போவதில்லை. எரிபொருள் எத்தனை சுற்றுக்கு வரும் என்று கணக்குப் போட்டுக்கொண்டு, நள்ளிரவு தாண்டியும் ஹெட்செட்டில் நண்பனுக்கு வழி சொல்லிக்கொண்டிருப்பான். தான் வாரக்கணக்கில் உழைத்து அமைத்த ஸ்பிரிங், இறக்கை, டயர் அழுத்தம் அத்தனையையும் ஒரு கோப்பாக்கி, நாளை தன்னையே முந்தப்போகிறவனுக்கு அனுப்பிவைப்பான். ‘செட்டப் அனுப்பு’ என்பது அங்கே சர்வசாதாரணமாகக் கேட்கப்படும் உதவி. அது எவ்வளவு பெரிய கொடை என்பது கேட்பவனுக்கும் கொடுப்பவனுக்கும் நன்றாகத் தெரியும். இருவரும் அதைப் பெரிதாகப் பேசுவதில்லை.

டேல் ஜூனியரிடம் திரும்பவும் வரலாம். பாப்பிரஸ் காலத்தில் அவரோடு இணையத்தில் ஓட்டியவர்களில் ஒருவர் டி.ஜே. மேஜர்ஸ். பழக்கம் வளர்ந்து, டேல் அவரை வடக்கு கரோலைனாவுக்கு வரச்சொன்னார். வந்தவர் டேலின் குழுவுக்காகக் கார் ஓட்டினார், பிறகு டேலுக்கே ஸ்பாட்டர் ஆனார். ஸ்பாட்டர் என்பவர் பார்வையாளர் மாடத்தின் உச்சியில் நின்று ஓட்டுநரின் காதில் பேசுகிறவர். தலைக்கவசமும் கழுத்துப் பட்டையும் மாட்டியவனால் பக்கவாட்டில் திரும்பிப் பார்க்க முடியாது. ‘உள்ளே ஒருவன்’, ‘வெளியே ஒருவன்’, ‘கிளியர்’ என்று மேலிருந்து வரும் குரல்தான் அவன் கண். கிளியர் என்ற சொல் அரை நொடி முந்தி வந்துவிட்டால் மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் இன்னொரு காரின் மேல் போய் விழ வேண்டியதுதான். தந்தையைத் தடத்தில் பறிகொடுத்த ஒருவர், தன் உயிரைக் காக்கும் அந்தக் குரலாகக் கணினி விளையாட்டில் அறிமுகமான நண்பனைத் தேர்ந்தெடுத்தார். 2014இல் டேட்டோனா 500ஐ டேல் இரண்டாவது முறை வென்றபோது அவர் காதில் இருந்தது மேஜர்ஸின் குரல்.

ஜோஷ் பெரியின் கதை இன்னும் நீளமானது. டென்னசியின் ஹென்டர்சன்வில் ஊர்க்காரர். வங்கியில் காசாளராக இருந்தார். சிறு கார்களில் ஓட்டிப் பழகியவர்தான், ஆனால் மேலே போகப் பணம் இல்லை. அமெரிக்கப் பந்தயத்தில் பணம் இல்லாதவனுக்கு வயதுதான் கூடும், காரின் அளவு கூடாது. ஐரேசிங் தொடங்கிய புதிதில் இரவுகளில் ஓட்டியபோது டேலின் கண்ணில் பட்டார். பேச ஆரம்பித்தார்கள். 2010இல் டேல் தன் ஜே.ஆர். மோட்டார்ஸ்போர்ட்ஸ் குழுவின் லேட் மாடல் காரை, அதாவது உள்ளூர்ச் சிறு தடங்களில் ஓடும் காரை, அவர் கையில் கொடுத்தார். உடனே வானம் திறந்துவிடவில்லை. ஏறத்தாழ பத்தாண்டுகள் பெரி அந்தச் சிறு தடங்களிலேயே ஓட்டினார், ஜெயித்தார், மறுபடி ஓட்டினார். 2020இல் நாஸ்காரின் வாராந்திரப் பந்தயத் தொடரில் தேசிய சாம்பியன். 2021இல் மார்ட்டின்ஸ்வில் தடத்தில், அப்போது எக்ஸ்ஃபினிட்டி எனப்பட்ட நாஸ்காரின் இரண்டாம் நிலைத் தொடரில் முதல் வெற்றி. 2025 மார்ச் 16 அன்று லாஸ் வேகஸில், 1950லிருந்து இயங்கிவரும் வுட் பிரதர்ஸ் குழுவின் 21ஆம் எண் காரில், உச்ச நிலையான கப் தொடரில் முதல் வெற்றி. அப்போது அவருக்கு வயது 34.

இந்தக் கொடையை வள்ளல்தனம் என்று சொல்ல எனக்குத் தயக்கம் உண்டு. கபிலர் மலையமான் திருமுடிக்காரியிடம் வைத்த ஒரு முறையீடு புறநானூற்றில் இருக்கிறது. வருகிறவர்க்கெல்லாம் வாரி வழங்குவதைக் கபிலர் பெரிய காரியமாக எடுத்துக்கொள்ளவில்லை. இன்னாருக்கு இன்ன தகுதி என்று பார்த்துக் கொடுப்பதையே கடினமென்று கருதினார்; புலவர்களை எல்லாரோடும் சேர்த்து ஒரே கண்ணால் பார்க்காதே என்று கேட்டார். டேல் செய்தது அந்தக் கடினமான காரியத்தை. வங்கிக் காசாளர் ஒருவருக்கு இரங்கி அவர் கார் கொடுக்கவில்லை. நூற்றுக்கணக்கான சுற்றுகள் பக்கத்தில் ஓடிப் பார்த்து, இவன் தேர்ந்தவன் என்று கண்டு கொடுத்தார். இரக்கம் வாங்குபவனைச் சற்றே கூனவைக்கும். தகுதி அறிந்து கொடுத்ததை வாங்கினவன் நிமிர்ந்து நிற்பான். அந்த அறிதலுக்குக் கணினி விளையாட்டைவிட நேர்மையான இடம் குறைவு. அங்கே எல்லோருக்கும் ஒரே இயந்திரம், ஒரே டயர். அப்பனின் பணமும் விளம்பரதாரரின் பெயரும் காரின் மேல் ஒட்டியிருக்கும் படங்கள், அவ்வளவே.

இது வெறும் வாதம் இல்லை என்பதற்கு 2020 சாட்சி. கொரோனாவால் தடங்கள் மூடப்பட, நாஸ்கார் தன் ஓட்டுநர்களை ஐரேசிங்கில் ஓட்டவைத்துத் தொலைக்காட்சியில் காட்டியது. மார்ச் 22 அன்று நடந்த முதல் பந்தயத்தை 9 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பார்த்தார்கள். டென்னி ஹாம்லின் வென்றார், டேல் இரண்டாவது. அடுத்த வாரம் டெக்சாஸில் வென்றவர் டிம்மி ஹில். கப் தொடரில் ஒரு வெற்றியும் இல்லாதவர், காசில்லாத சிறு குழுக்களில் கடைசி வரிசையில் ஓட்டியவர். காரைச் சமமாக்கியதும் அவருடைய அளவு எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. களை பிடுங்கி அளந்த நார்த் வில்க்ஸ்பரோவிலும் அந்த ஆண்டு மே மாதம் இப்படி ஒரு பந்தயம் திரையில் நடந்தது.

இந்த உலகத்தைப் பூப்போட்டுக் காட்ட எனக்கு விருப்பமில்லை. அதே ஆண்டு ஏப்ரலில் ஒரு ஐரேசிங் பந்தயத்தில், தன் ஸ்பாட்டரோடு தனியாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கும் அலைவரிசையில் கைல் லார்சன் கறுப்பினத்தவரை இழிவுபடுத்தும் சொல்லைச் சொன்னார். இரண்டு நாளில் அவருடைய குழு அவரை நீக்கியது. திரைக்குப் பின்னால் யாரும் பார்க்கவில்லை என்ற நினைப்பில் சிலர் இடம் விடுகிறார்கள், சிலர் இப்படி வாய் விடுகிறார்கள். இரண்டும் அந்த மனிதரின் உள்ளே இருந்து வருவதுதான். லார்சன் மன்னிப்புக் கேட்டு, நன்னடத்தைப் பயிற்சி பெற்று, பின்னர் வேறு குழுவில் சேர்ந்து 2021இல் சாம்பியனானார். வடக்கு கரோலைனா அரசு அதே ஆண்டு நார்த் வில்க்ஸ்பரோவைப் புதுப்பிக்க 1.8 கோடி டாலர் ஒதுக்கியது. 2022 ஆகஸ்டில் அங்கே நடந்த ஒரு பந்தயத்தில் டேல் ஓட்டி மூன்றாவதாக வந்தார். 2023 மே மாதம் நாஸ்காரின் நட்சத்திரப் பந்தயம் அங்கேயே நடந்தது, வென்றவர் லார்சன். களை பிடுங்கியதற்கும் தடம் மீண்டதற்கும் நேர்க்கோடு இழுக்க மாட்டேன். ஆனால் அந்தத் தடத்தை ஜனங்கள் மறக்காமல் பார்த்துக்கொண்டதில் அந்த டிசம்பருக்குப் பங்கு உண்டு.

ஐரேசிங் வாடகை வீடு என்பதையும் சொல்லிவிட வேண்டும். மாதச் சந்தா கட்டினால்தான் உள்ளே விடுவார்கள், காருக்கும் தடத்துக்கும் தனித்தனி விலை. ஸ்டியரிங்கும் பெடலும் வாங்குவதற்கே நம் ஊரில் ஒருவரின் மாதச் சம்பளம் போய்விடும். சமத்துவம் வாசலைத் தாண்டிய பிறகுதான். இதற்கு நேர் எதிரில் நிற்பது ரிச்சர்ட் பர்ன்ஸ் ரேலி என்ற விளையாட்டு. 2004இல் வந்தது. 2001இல் உலக ரேலி சாம்பியனான ஆங்கிலேயர் பர்ன்ஸின் பெயரைத் தாங்கியது. பட்டம் வென்ற அதே நவம்பர் 25ஆம் தேதி, நான்கு ஆண்டு கழித்து, மூளைக் கட்டியால் அவர் இறந்தார். விளையாட்டை உருவாக்கிய நிறுவனமும் இன்று இல்லை. அதில் இணையத்தில் ஓட்டும் வசதியே கிடையாது. செக் நாட்டு ஆர்வலர்களும் ஹங்கேரி ஆர்வலர்களும் அதைச் சேர்த்தார்கள். வேறு சிலர் டயரும் மண்ணும் உரசும் கணக்கை முழுக்க மாற்றி எழுதினார்கள். நூற்றுக்கணக்கான மலைப்பாதைகள் புதிதாகச் சேர்ந்தன. துணை ஓட்டுநர் படிக்கும் பாதைக் குறிப்புகளைத் திருத்தித் திருத்திப் பொதுவில் வைத்தார்கள். சம்பளம் யாருக்கும் இல்லை. ரேலியில் பக்கத்தில் கார் கிடையாது, இடிக்க ஆள் கிடையாது. ஒவ்வொருவரும் தனியாக ஓட்டி நேரத்தை ஒப்பிட்டுக்கொள்வதுதான். ஆனாலும் இருபது ஆண்டுகளாக, செத்துப்போன ஒரு நிறுவனத்தின் விளையாட்டுக்கு ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் தொட்டு வேலை செய்கிறார்கள். அதன் கார் ஓட்டம் நிஜத்துக்கு மிக நெருக்கமானது என்று ரேலி ரசிகர்கள் பலர் இன்றும் அடித்துச் சொல்கிறார்கள். பணம் போட்டுத் தொடங்கிய எத்தனையோ விளையாட்டுகள் அதற்குள் வந்து மறைந்துவிட்டன.

வாசகர்களில் சிலர் வீட்டில், பின்னிரவில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு ஸ்டியரிங்கைத் திருப்பிக்கொண்டிருக்கும் பிள்ளை இருக்கலாம். எப்போது நிறுத்தப்போகிறாய் என்று எத்தனையோ முறை கேட்டிருப்பீர்கள். யாரோடு ஓட்டுகிறாய் என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். பெயர் சொல்வான், ஊர் சொல்வான், எந்த வளைவில் அந்த ஆளை நம்பலாம் என்பதையும் சொல்வான்.